பக்கத்து இருக்கை

கார்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரு மனிதனைக் கோவையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. கார் இல்லாதவர்களின் அபிப்பிராயங்கள் இன்னும் திடமானவை. சொந்தக் காரின் கியர் சத்தமோ பெட்ரோல் செலவோ அவற்றில் குறுக்கிடுவதில்லை.

பீளமேட்டில் ஒரு பட்டறையின் பின்புறம் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வந்துகொண்டிருந்தவர்களில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய அபிப்பிராயங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன; யாராவது ஒருவர் அவற்றை எடுத்துப் பேசிவிடுகிறார். பழைய லேத் ஒன்று, எண்ணெய்க் கறை படிந்த பெஞ்சு ஒன்று, எதிர்க் கடையிலிருந்து வரும் டீ. பேச்சு கார் மட்டும்தான். அரசியல், பிள்ளைகளின் கல்யாணம், சாவு எதுவும் அங்கே ஒரு நிமிஷத்துக்கு மேல் தங்குவதில்லை.

கட்சிகள் மூன்று. முதலாவது எஞ்சின் கட்சி. குதிரைத்திறன் என்ன, எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் வரும் என்பதற்குமேல் இவர்களுக்குக் கேள்வி கிடையாது. இவர்களுக்கு இப்போது சோதனைக் காலம். மின்சாரக் கார்கள் சில, ஒரு முனகல்கூட இல்லாமல், நாலு விநாடிக்குள் நூறைத் தொட்டுவிடுகின்றன. வாழ்நாள் முழுக்கத் தாங்கள் வணங்கியது வேகத்தையா, சத்தத்தையா என்று இவர்கள் முதல் முறையாக யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, டிராக் கட்சி. மூடிய பாதை, ஸ்டாப் வாட்ச், ஒரே வளைவை ஐம்பது தடவை எடுப்பது. மற்றதெல்லாம் ஊர் சுற்றுவது என்பார்கள். மூன்றாவது, ராலி கட்சி. மண், சரளை, மழை, அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை. இவர்களைப் பொறுத்தவரை டிராக்கில் ஓட்டுவது செக்கு மாட்டு வேலை.

இந்த மூன்றாவது கட்சியில் உண்மையில் ராலி ஓட்டியவன் ஒருவன்தான். என் சிநேகிதன். அங்கே மிகக் குறைவாகப் பேசுகிறவனும் அவன்தான். சில ராலிகளில் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நோட்ஸ் படித்தவன் நான். அவனுக்கும் சேர்த்து நான் பேசியிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எனக்குக் கார் பற்றி முதல் அபிப்பிராயம் உண்டானது சோழவரத்தில். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், இரண்டாம் உலக யுத்தத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷங்கள் பந்தயம் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை வந்தபின் சோழவரம் முடிந்துவிட்டது. நான் போனது கல்லூரி நாட்களில், எழுபதுகளின் கடைசியில். எல்லோரையும்போல நேர்ப்பாதையின் ஓரத்தில் நிற்க ஆசைப்பட்டேன். வேகம் அங்கேதான் தெரியும் என்று எண்ணம். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் வளைவுப் பக்கம் ஒதுங்க வேண்டியதாயிற்று.

அது என் அதிர்ஷ்டம். வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த கார் ஒன்று நேர்ப்பாதையில் எல்லோரையும் விழுங்கிக்கொண்டு வந்தது. வளைவுக்கு வெகுமுன்னாலேயே பிரேக் பிடித்து, தயங்கி, தடுமாறித் திரும்பியது. பின்னால் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் தெருவில் டாக்டர் வைத்திருப்பாரே, அந்தக் கார்தான். பின் இருக்கையைக் கழற்றியிருந்தார்கள். அது பிரேக்கைக் கடைசி நிமிஷம்வரை தள்ளிப்போட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, உள்பக்கமாக நுழைந்து வெளியே வந்தது. நேர்ப்பாதையில் அந்தப் பெரிய கார் மறுபடியும் போய்விட்டது. அடுத்த சுற்றில் அதே வளைவில் அதே கதை. ஒரு கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது சிறிய கேள்வி, அது எங்கே, எப்படி வேகத்தை விடுகிறது என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் பட்டது. அன்று மாலை ரயிலில் இதை ஏதோ நானே கண்டுபிடித்ததுபோலச் சிநேகிதர்களிடம் பேசிக்கொண்டு வந்தேன். கார் ஓட்ட அப்போது எனக்குத் தெரியாது.

டிராக் கட்சியிடம் உள்ள நியாயம் இதுதான்: அங்கே அபிப்பிராயம் அதிக நேரம் உயிரோடிருக்க முடியாது. இப்போது இருங்காட்டுக்கோட்டையிலும், 2003ல் திறந்த எங்கள் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், சொந்தக் காரைக் கொண்டுபோய்ப் பணம் கட்டி ஓட்டிப் பார்க்க நாட்கள் ஒதுக்குகிறார்கள். போய் நின்று பார்த்திருக்கிறேன். முந்நூறு குதிரைத்திறன் காரோடு வந்தவர் மூன்றாவது சுற்றில் முகம் வெளுத்து உள்ளே வருவார். பிரேக் மிதி தரை வரை போகிறது என்பார். விஷயம் எளிது. வேகம் நூறிலிருந்து நூற்று நாற்பதாகும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அவ்வளவும் சூடாக மாறும். ஈரம் ஏறிய பழைய பிரேக் எண்ணெய் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. தெருவில் பத்து வருஷம் ஓட்டினாலும் தெரிய வராத ஒன்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. அந்தக் காரை ஒரு பழைய சின்னக் கார் வளைவில் தாண்டிப் போகும். ஓட்டுபவன் இருபது வயதுப் பையனாக இருப்பான்.

அந்தப் பாதைக்குப் பெயர் தந்த கரிவரதன் இதை அறிந்த மனிதர். மாருதி 800ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கே, நம் ஊர்ச் சாமான்களைக் கொண்டு செய்தார். அதே எஞ்சின், அதே கார். ஆகவே எஞ்சின் கட்சிக்குப் பேச எதுவும் மிஞ்சவில்லை. 1995ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். பட்டறையில் அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூன்று கட்சிகளும் ஒன்றாகிவிடும்.

ராலி வேறு ஜாதி. அங்கே ஒரு வளைவை ஐம்பது தடவை எடுத்துத் திருத்திக்கொள்ள வழியில்லை. முன்கூட்டியே ஒரு நாள் மெதுவாகப் போய்ப் பாதையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஓட்டுகிறவன் சொல்வான், பக்கத்தில் இருப்பவன் எழுதுவான். இடது மூன்று, அறுபது மீட்டர், மேடு, வலது ஐந்து, இப்படி. எங்கள் கணக்கில் ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் காலை எடுக்கவே வேண்டாம். ராலி அன்று அந்த நோட்டைப் பக்கத்து இருக்கைக்காரன் படிப்பான். ஓட்டுகிறவன் காதால் கேட்டதை நம்பி, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் காரை விடுவான்.

எழுதுகிறவர்கள் இந்தத் துறையில் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் ஒருவர் உண்டு. டெனிஸ் ஜென்கின்ஸன். ஆங்கிலேயர், குள்ளமானவர், தாடி வைத்தவர், மோட்டார் ஸ்போர்ட் பத்திரிகைக்கு எழுதியவர். பக்கத்தில் உட்காருவது என்றால் என்ன என்று அறிந்தவர். 1949ல் எரிக் ஆலிவரோடு சைட்கார் மோட்டார்சைக்கிளில் உலக சாம்பியன் ஆனவர். 1955 மே 1ஆம் தேதி, இத்தாலியில் மில்லே மிலியா பந்தயத்தில், மெர்ஸிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரில், ஸ்டர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரெஷியாவிலிருந்து ரோம் போய்த் திரும்ப சுமார் 1,600 கிலோமீட்டர், எல்லாம் பொதுச் சாலை. அத்தனை வளைவுகளையும் முன்பே பார்த்து, ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான ஒரு காகிதச் சுருளில் எழுதி, அதை ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். திறந்த கார், எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எனவே கைச்சைகை. மேட்டுக்கு அந்தப்பக்கம் சாலை நேராக இருக்கிறது என்று அவர் கை சொன்னால், மாஸ் காலை எடுக்காமல் மேட்டைத் தாண்டுவார். அந்தப் பக்கம் என்ன என்பது மாஸுக்குத் தெரியாது. ஜென்கின்ஸன் எழுதி வைத்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் வந்து சேர்ந்தார்கள். சராசரி மணிக்கு 157 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் அதை யாரும் பிறகு மிஞ்சவில்லை.

மிஞ்ச அதிக அவகாசமும் இல்லை. 1957ல் குயிதித்ஸோலோ என்ற ஊருக்கு அருகே தெ போர்தாகோவின் ஃபெராரி சாலையை விட்டுப் பறந்தது. அவரும் பக்கத்தில் இருந்த நெல்ஸனும் இறந்தார்கள். ஓரத்தில் நின்று பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள்.

பட்டறையில் 1955 அடிக்கடி பேசப்படும். 1957 பேசப்படுவதில்லை. குரூப் பி பற்றிப் பேசும்போதும் இப்படித்தான். எண்பதுகளின் முதல் பாதியில் ராலிக்கென்று கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் செய்த கார்கள் அவை. எங்கள் ராலி கட்சிக்காரர்களுக்கு அது பொற்காலம். வீடியோவில் பார்த்திருக்கிறார்கள், பார்வையாளர் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட, நடுவே கார் பாய்கிறது. அந்தப் பயமற்ற ஜனங்கள், அந்த வேகம், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது என்று பெருமூச்சு. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் அப்படி வழிவிட நேரமில்லாமல் கூட்டத்துக்குள் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 புகுந்து மூன்று பேர் செத்தார்கள். மே 2ஆம் தேதி கார்ஸிகாவில் ஹென்ரி தொய்வோனெனின் லான்ஸியா டெல்டா எஸ்4 ஒரு இடது வளைவில் பாதையை விட்டுச் சரிவில் விழுந்து எரிந்தது. சுமார் 900 கிலோ எடை, 450 குதிரைத்திறனுக்கு மேல். தொய்வோனென் இறந்தார். பக்கத்து இருக்கையில் ஸெர்ஜியோ க்ரெஸ்தோவும் இறந்தார். அந்த வருஷத்தோடு குரூப் பி முடிந்தது.

க்ரெஸ்தோவின் பெயரைப் பட்டறையில் நான் சொல்லும்போதெல்லாம் ஒரு சிறு மௌனம் ஏற்படும். பிறகு ஒருவர் டெல்டா எஸ்4ல் டர்போவோடு சூப்பர்சார்ஜரும் இருந்தது என்று ஆரம்பிப்பார். அது உண்மைதான்.

என் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சத்தியமங்கலம் பக்கம், மண்பாதையில் ஒரு சிறிய ராலி. சிநேகிதனிடம் இருந்தது ஒரு மாருதி 800. அதற்கு முந்தின ஞாயிறு பட்டறையில் ஒருவர் அவனைப் பயந்தாங்கொள்ளி என்றார். வளைவுக்கு முன்னால் ரொம்ப சீக்கிரம் காலை எடுக்கிறான், அதனால்தான் மூன்றாவது நாலாவது இடத்திலேயே நிற்கிறான் என்றார். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான், பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவன் எடுக்கும் வேகத்தை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று கத்தினேன். இல்லாத வேகங்களைச் சொன்னேன். நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவன் மானத்தையா, அவன் பக்கத்தில் உட்காருகிற என் மானத்தையா என்று அப்போது யோசிக்கவில்லை.

ரெக்கி அன்று ஒரு வாய்க்கால் மேட்டைத் தாண்டியதும் இடது வளைவு. அவன், "இடது மூணு" என்றான். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. மூன்று என்பது கோழைத்தனம் என்று தோன்றியது. ஹெரால்டு போன வளைவு ஞாபகம் வந்தது என்றுகூடச் சொல்லலாம். நோட்டில் "இடது நாலு" என்று எழுதினேன். ஓட்டத் தெரிந்தவன் பார்த்துச் சொன்னதை, பேசத் தெரிந்தவன் திருத்தினான்.

ராலி அன்று அந்த இடம் வந்தபோது தெளிவாகப் படித்தேன். "மேடு, இடது நாலு." அவன் கால் ஒரு கணம் தயங்கியதை எஞ்சின் சத்தத்தில் கேட்டேன். பிறகு நம்பிவிட்டான். தான் கண்ணால் பார்த்ததை விட்டு, நான் எழுதியதை நம்பினான். மேட்டில் கார் லேசாகி, இறங்கும்போது வளைவு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. வளைவுக்கும் பிரேக்குக்கு உள்ள கணக்குதான். வேகம் கொஞ்சம் கூடினால் டயர் பிடிக்க வேண்டிய பிடி அதைவிட மிகவும் கூடிவிடுகிறது. சோளக்காட்டின் கரையில் மோதி, புரண்டு, நின்றோம். எனக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. ஒட்டியது, கோணலாக. கியர் மாற்றுகிற கை. அதன்பிறகு அவன் ராலி ஓட்டவில்லை. உதிரிபாகக் கடை வைத்தான். இன்றும் வைத்திருக்கிறான்.

கட்டுப் போட்ட கையோடு அடுத்த ஞாயிறு பட்டறைக்கு வந்தான். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "பிரேக் லேட்டாப் புடிச்சுட்டனுங்க" என்றான். பயந்தாங்கொள்ளி என்றவர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து பட்டறையில் அது ஒரு கதை. நம்ம ஆள் கடைசியா ஓட்டினப்போ காலையே எடுக்கலை என்று புதுப் பையன்களிடம் சொல்வார்கள். முப்பது வருஷமாக அந்தக் கதையை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில தடவை நானே சொல்லியிருக்கிறேன். நோட்டு என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது.

இந்த முப்பது வருஷமும் நான் புத்தகங்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். முதல் தொகுப்புக் கொண்டுவந்த பையன்களுக்கு மூன்றை நாலு என்று எழுதித் தந்திருக்கிறேன். எதிர் கோஷ்டி அவர்களைச் சாதாரணம் என்று சொல்லியிருந்தது என்பதற்காக. நாம் எழுதுவதை நம்பி யாரும் ஸ்டியரிங்கைத் திருப்புவதில்லை என்று நமக்கு ஒரு ஆறுதல் உண்டு. எனக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை. ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுத உட்கார்ந்தார். நான் எழுதிய மதிப்புரை அவர் பர்ஸில் மடித்து இருந்ததை ஒரு தடவை பார்த்தேன்.

ஜென்கின்ஸனின் சுருளில் இருந்தவையும் அபிப்பிராயங்கள்தான். ஆனால் அதை எழுதியவர் அதே காரில், அதே வேகத்தில், தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அது மட்டும் போதாது என்று தெரிகிறது. யாருக்குக் காட்டுவதற்காக எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது. அந்தச் சுருளில் பிரெஷியா கடைத்தெருவுக்காக எழுதிய வளைவு ஒன்றுகூட இருந்திருக்காது.

இதை இவ்வளவு வரை எழுதி நிறுத்தியபோது எனக்கு ஒன்று உறைத்தது. பட்டறையில் யாரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே போன ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டீ வந்ததும் சொன்னேன். அவன் மூன்று என்றான், நான் நாலு என்று எழுதினேன், அவன் பிரேக்கில் தப்பில்லை என்றேன். பக்கத்தைத் திறந்து பெஞ்சில் வைத்தேன். பென்ஸில் எழுத்து மங்கியிருந்தது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எஞ்சின் கட்சியின் மூத்தவர் சொன்னார்: "அது எப்படிங்க? அந்த வண்டிக்கு அப்பவே பின்னாடி ஷாக் அப்ஸார்பர் சரியில்லீங்களே." டிராக் கட்சிக்காரர், மண்ணில் மூன்றென்ன நாலென்ன என்றார். பேச்சு ஷாக் அப்ஸார்பருக்குப் போயிற்று. புதுப் பையன் ஒருவன் மட்டும் நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது சிநேகிதன் என் காரில் வந்தான். நான் ஓட்டினேன். அவினாசி சாலை நெரிசலில் சிங்காநல்லூர் திருப்பம் வரும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது, கோணல் மணிக்கட்டை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"தெரியுமடா. மூணுன்னு சொன்னவனே நாந்தான?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.